ஆறின சாப்பாடு கிடைக்கும்

வேம்பார் போகிற கடற்கரைச் சாலையில், இடது கைப் பக்கம் ஒரு காபிக் கடை. நான்கு சவுக்குக் கம்பு, மேலே தகரம், முன்னால் இரண்டு பெஞ்சு. காலை பத்து மணி இருக்கும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோன நான், ஒரு மடக்கு கூட விழுங்காமல் கீழே வைத்தேன்.

"பால் கெட்டுப் போயிருக்கு," என்றேன்.

கடைக்காரர் பால் பாத்திரத்தைச் சாய்த்துக் காட்டினார். "காலையில கறந்த பாலும்மா. இப்பத்தான் காச்சினேன்."

"பால் இல்லேன்னா தூள். ஏதோ ஒண்ணு கெட்டிருக்கு. டயர் எரிச்ச மாதிரி வாடை அடிக்கு."

அவர் புதுத் தூள் பொட்டலத்தைப் பிரித்து இன்னொரு காபி போட்டுக் கொடுத்தார். அதிலும் அதே வாடை. டயரோடு இப்போது அழுகின முட்டையும் சேர்ந்துகொண்டது. அழுகின முட்டை எங்கள் வீட்டுச் சமையலறையில் பழக்கமில்லை. கெமிஸ்ட்ரி படித்த காலத்தில் லேபில் பழக்கம். பக்கத்துப் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் தங்கள் டம்ளருக்குள் சந்தேகமாக எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் வேன் டிரைவர் சுடலைமுத்து தன் காபியைக் குடித்து முடித்திருந்தார். என் டம்ளரில் இருந்ததைத் தன் டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"அக்கா, காபி நல்லாத்தான் இருக்கு."

கெட்ட சேதி சொல்ல வருகிறவர்கள் அப்படித்தான் குரலைத் தாழ்த்துவார்கள்.

டயரில் காற்று

அந்தக் கடைக்குத் திரும்பி வருகிறேன். அதற்கு முன்னால், இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் கையில் எடுத்தவர்களுக்காக என் பிழைப்பைச் சொல்லிவிட வேண்டும்.

தூத்துக்குடியில் ஒரு தனியார் லேபில் உப்பைப் பரிசோதிப்பது என் வேலை. வேம்பாரிலிருந்து ஆறுமுகநேரி வரைக்கும் உப்பளம் உப்பளமாகப் போய், மாதிரி எடுத்து, டப்பாவில் அடைத்து, எண் போட்டுக் கொண்டுவர வேண்டும். லேபில் மற்றவர்கள் எல்லாம் இளம் பிள்ளைகள். வெயிலுக்குப் பயப்படுகிறவர்கள். அதனால் இருபது வருடமாக அந்த வேன் எனக்கும் சுடலைமுத்துவுக்கும்தான்.

நான் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. வெங்காயம் உள்ளே நுழைவதற்கே நாள் பார்க்கிற வீட்டில் பிறந்தவள். சுடலைமுத்து உடன்குடிப் பக்கம். ஒரு நேரம் மீன் இல்லையென்றால் சாப்பிட்ட மாதிரியே இல்லை என்பார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய கடையை இந்தக் கரையில் கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை. அதுவே எங்களுக்கு ஒரு விளையாட்டாகப் போய்விட்டது.

சுடலைமுத்துவிடம் ஒரு கணக்கு உண்டு. கடைப் பலகையைப் பார்க்க மாட்டார், கூட்டத்தைப் பார்க்க மாட்டார். நேராகப் பின்பக்கம் போய்க் கை கழுவுகிற இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்.

"சோப்பு இருக்கு. தண்ணி ஓடுது. வாங்க, சாப்பிடலாம்," என்பார். அந்தக் கணக்கு எங்களை அநேகமாக ஏமாற்றியதில்லை.

எட்டயபுரம் தாண்டி ஒரு பஞ்சர் கடையில் எங்களுக்குக் கம்பு தோசை கிடைத்தது. வண்டி நிஜமாகவே பஞ்சர். காத்திருக்கிறவர்களுக்காகக் கடைக்காரரின் மனைவி ஓரமாக அடுப்பு போட்டு, கம்பு தோசையும் பூண்டுத் துவையலும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரம் மொறுமொறுப்பு, நடு மெத்து. அன்றைக்கு நான் ஐந்து சாப்பிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுடலைமுத்து ஸ்டியரிங்கைத் தட்டி, "டயர்ல காத்து கம்மியா இருக்கோ அக்கா?" என்று கேட்பார். பசிக்கிறது என்று அர்த்தம்.

நாசரேத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் தன் வீட்டு முன்னறையில் மெஸ் நடத்தினார். அன்றைய கறி என்ன என்பது கரும்பலகையில், கோடு போட்ட மாதிரி நேரான எழுத்தில் இருக்கும். சுடலைமுத்து இலையில் கொஞ்சம் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். "வச்சத முடிச்சிட்டு எந்திரிங்க," என்றார் டீச்சர். ஐம்பதை நெருங்குகிற மனிதர், மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து முடித்தார்.

துறைமுகச் சாலையில் வடக்கத்தி லாரி டிரைவர்களுக்காக ஒரு பீகார்க்காரர் ரொட்டி சுடுகிறார். கரியில் சுட்ட மாவு உருண்டை, உள்ளே கடலை மாவும் ஓமமும். வந்து ஏழெட்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் தமிழ் நம் தமிழ். முதல் நாளே என்னைப் பார்த்து, "அக்கா, அங்கன வெயிலு, இங்கன உக்காருங்க," என்றார்.

இப்படி நாற்பது, ஐம்பது இடம் தேறும். ஒன்றுக்கும் விளம்பரம் கிடையாது. வாடையைப் பிடித்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்தவைதான் பாதி. என் மூக்கு அப்படிப்பட்ட மூக்கு. உப்பளத்துப் பாத்தியில் நீர் எந்தப் பதத்தில் நிற்கிறது என்று இறங்குவதற்கு முன்பே வாடையில் சொல்லிவிடுவேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

மூக்குக்கு வந்த கேடு

அந்த வேம்பார்க் காபிக் கடைக்கு இரண்டு மாதம் முந்தி எனக்குக் காய்ச்சல் வந்திருந்தது. ஊரையே சுற்றிவந்த காய்ச்சல்தான், எனக்கு இரண்டாம் முறை. மூன்று நாளில் விட்டுவிட்டது. கூடவே வாசனையும் போய்விட்டது. மல்லிகைப் பூ, பினாயில், இரண்டும் ஒன்றுதான். போன தடவையும் இப்படித்தான் போய்ப் பத்து நாளில் திரும்பியது என்று தைரியமாக இருந்தேன்.

இந்தத் தடவை திரும்பியது, ஆனால் கோணலாகத் திரும்பியது. அந்தக் காபிதான் முதல் அடையாளம். திரும்பி வரும்போது வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மூக்குதான் சரியில்ல, உங்க காபியில குத்தமில்ல," என்றேன். அவர், "அதுக்கென்னம்மா, சரியான பொறவு ஒருநா வாங்க," என்று சொல்லி அனுப்பினார்.

காபிக்குப் பிறகு வெங்காயம். அப்புறம் காய்கிற எண்ணெய், வதங்குகிற கறிவேப்பிலை, கொதிக்கிற சாம்பார், சோப்பு, பற்பசை. எல்லாவற்றிலும் அதே டயர், அதே முட்டை. ஆவி பறக்க ஒரு தட்டு முன்னால் வந்தாலே வயிறு புரட்டிக்கொண்டு வரும்.

டாக்டர் நல்லவர். மூக்கு நரம்பு அறுந்து திரும்ப வளரும்போது இடம் மாறி ஒட்டிக்கொள்வது உண்டு என்று படம் வரைந்து காட்டினார். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா, யூகலிப்டஸ் தைலம், நான்கையும் காலையும் மாலையும் மோந்து பார்த்துப் பழகச் சொன்னார்.

"எப்ப சரியாகும் டாக்டர்?"

"ஆறு மாசம் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். பாதியில நின்னு போனவங்களும் இருக்காங்க. பொய் சொல்லி உங்கள அனுப்ப மாட்டேன்."

நான்கு சீசாவையும் வரிசையாக வைத்து மோந்து பார்த்தேன். நான்கும் டயர்தான்.

கதவுக்கு வெளியே ஒருவர்

என் கணவர் நம்பி கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு ஒரே பையன், அவன் வெளியூரில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நம்பிக்குச் சமையலில் ஆசை. நான் உப்பளத்திலிருந்து வருவதற்குள் சமையலை முடித்துவிட்டு, இரண்டு தட்டை எதிரெதிரே வைத்துக் காத்திருப்பார்.

முதல் வாரம் வெங்காயத்தை விட்டார். அடுத்த வாரம் தாளிப்பை விட்டார். பிறகு அடுப்பு எரிந்தாலே நான் மாடிக்கு ஓடுகிறேன் என்று தெரிந்ததும், காலையில் நான் தூங்கும்போதே தனக்கு ஏதாவது பண்ணிக்கொண்டு ஜன்னலையெல்லாம் திறந்துவைத்துவிடுவார்.

ஒருநாள் மதியம் தண்ணீர் எடுக்க வந்தவள், பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். துவைக்கிற கல் மேல் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, நம்பி ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசனை உள்ளே வரக்கூடாதென்று கதவை இழுத்துச் சாத்தியிருந்தார். ஆடி மாதத்துக் காற்று, தட்டில் தூசி விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் திறக்கவில்லை. தண்ணீர் எடுக்காமலே மாடிக்குத் திரும்பினேன்.

ரொட்டி, வெள்ளரிக்காய், வாழைப்பழம். மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைந்தேன். ரவிக்கையெல்லாம் தொங்கியது. வெளி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, மதியம் வரைக்கும் லேபுக்குள்ளேயே இருந்துவிட்டு வீடு திரும்புவேன். சுடலைமுத்து ஒரு புதுப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்வந்தார். வந்து என் மேஜை ஓரத்தில் நின்று, "இன்னைக்கு எங்கயும் நிறுத்தல அக்கா. பையன் டிபன் பாக்ஸு கொண்டு வாரான்," என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு ராத்திரி நம்பியிடம், "நீங்க பையன் வீட்டுல போயி கொஞ்ச நாள் இருங்கோ. வேளைக்குச் சூடா சாப்டுவேள்," என்றேன்.

"நீ?"

"நான் இப்படியே இருந்துக்கறேன்."

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார். வெகுநேரம் தூங்கவில்லை என்பது மூச்சில் தெரிந்தது.

சீலா மீன் படம் போட்ட கடை

எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. பலகையில் பெரிதாக ஒரு சீலா மீன், வாயைப் பிளந்துகொண்டு. பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்தக் கடையைத் தாண்டும்போது நானும் நம்பியும் எதிர்ச்சாரிக்கு மாறித்தான் நடப்போம். கடைக்காரர் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. ஐம்பது கடையை ஊர் ஊராகத் தேடிப் போனவளுக்கு, வீட்டிலிருந்து இருநூறு தப்படியில் இருந்த கடை மீன் படமாகத்தான் தெரிந்திருந்தது.

அன்று ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. பக்கத்து வீட்டில் பலகாரம் சுட ஆரம்பித்தார்கள். வீட்டுக்குள் இருக்க முடியாமல் குடையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன். காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்தான். முனை வரைக்கும் போனது நினைவிருக்கிறது. அப்புறம் கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ பரவியது. கையில் கிடைத்த கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அது அந்தக் கடையின் கதவு நிலை.

மதியச் சாப்பாடு முடிந்து அடுப்பு அணைந்து, கடையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கட்டை குட்டையாக ஒரு மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"உக்காருங்க டீச்சரம்மா. மெதுவா. தலையக் குனிஞ்சு வையுங்க."

வாத்தியார் பெண்டாட்டி என்பதால் எங்கள் வட்டாரத்தில் நானும் டீச்சர்தான். திருத்துவதற்கு அப்போது தெம்பில்லை.

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். "மத்தியானம் என்ன சாப்பிட்டிய?" என்று கேட்டார். முன்பின் தெரியாத மனிதரிடம், ஏனென்று தெரியாது, எல்லாவற்றையும் சொன்னேன். காபி, டயர், முட்டை, துவைக்கிற கல், எட்டு கிலோ, எல்லாம்.

அவர் பெயர் இன்னாசி. சொந்தக் கதையும் அன்றைக்கே கொஞ்சம் சொன்னார். இருபத்திரண்டு வருடம் தோணியில் சமையற்காரர். பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் வெங்காயமும் ஏற்றிப்போகிற மரத்தோணி. இடுப்பில் அடிபட்டதால் கரையேறி இந்தக் கடையைப் போட்டவர்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சூடா இருந்தாத்தான் நாறுதா, ஆறினாலும் நாறுதா?"

டாக்டர்கூட அப்படிக் கேட்கவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். ரொட்டி ஆறினது. வெள்ளரிக்காய் ஆறினது. வாழைப்பழமும் அப்படித்தான்.

"சூடா இருந்தாத்தான்," என்றேன்.

"அதான பாத்தேன். தோணில புதுசா வாரவனுக்கு மூணு நாளைக்குத் தல தூக்க முடியாது. அடுப்புப் பக்கம் ஆவி வந்தாலே குடலப் புடுங்கிரும். அவனுக்குச் சூடா ஒண்ணும் குடுக்கப்பிடாது. ஆவி இருந்தாத்தான் வாடை. ஆற வச்சிட்டா வாடை படுத்துரும். அப்படித்தான் எத்தன பயலுவள நான் மாலத்தீவு வரைக்கும் கொண்டு சேத்திருக்கேன்."

உள்ளே போனவர் ஒரு மண்சட்டியோடு வந்தார். ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்த சோறு. பிழிந்து, நிறையத் தண்ணீர்விட்ட மோரில் கரைத்து, உப்புப் போட்டிருந்தார். வெங்காயம் இல்லை. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் உப்புத் தண்ணீரில் ஊறின மாங்காய்த் துண்டு.

நான் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தயக்கம் அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"இது சோத்துச் சட்டி. வீட்டுக்காரி எனக்கு வைக்கது. சோத்துச் சட்டியில மீனு எப்படி வரும் டீச்சரம்மா, நீந்தியா வரும்?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே சட்டியை வாயருகே கொண்டுபோனேன். காத்திருந்தேன், டயர் வருமென்று. வரவில்லை. வாசனையே இல்லை. நாக்கில் புளிப்பு தெரிந்தது, உப்பு தெரிந்தது. மாங்காயைக் கடித்தபோது பல் கூசியது. நாக்கும் பல்லும் வேலை செய்தால் இவ்வளவு சாப்பிடலாம் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

சட்டி காலியானது. இன்னொரு சட்டி கேட்டேன்.

"மெள்ள," என்றார் இன்னாசி. "நாளைக்கும் கடை உண்டு."

செருப்போடு நின்ற வாத்தியார்

மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும். பிற்பகல் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அந்தக் கடையில் அடுப்பு எரிவதில்லை, ஆகவே வாடையும் இல்லை. இன்னாசி ஒவ்வொரு நாளும் ஏதாவது புதிதாகச் சோதித்துப் பார்ப்பார். வேகவைத்து ஆறவைத்த பனங்கிழங்கு. தயிரில் நனைத்த அவல். குளிர்ந்த பருப்பைப் பிசைந்து உருட்டிய சோறு, அதில் எலுமிச்சம்பழம் மட்டும். எனக்கென்று தனியாக ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு ஒதுக்கி, சுவரில் தனி ஆணியடித்து மாட்டிவிட்டார்.

இரண்டாவது வாரம் நம்பியிடம் சொன்னேன். எந்தக் கடை என்றதும் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அந்த மீன் கடையா?"

"அந்த மீன் கடைதான். வந்து பாருங்கோ."

வந்தார். வாசலில் செருப்போடு நின்றுவிட்டார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளை மிரட்டிய மனிதர், உள்ளே காலெடுத்து வைக்கத் தெரியாமல் பலகையிலிருந்த சீலா மீனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி எட்டிப் பார்த்தார். "உள்ள வாங்க சாரே. மீனெல்லாம் வித்துப் போச்சு. இப்ப இங்கன நானும் டீச்சரம்மாவுந்தான்."

நம்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவருக்கும் ஒரு தட்டு. ஆறின பருப்புச் சோறு, மாங்காய். ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டவர், என்னைப் பார்த்தார். நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஓடவில்லை, மூக்கைப் பொத்தவில்லை. நான்கரை மாதத்துக்குப் பிறகு, இரண்டு தட்டு எதிரெதிரே.

கணக்கு வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாங்கா ரொம்பப் புளிப்பு," என்று சொல்லி மேல்துண்டால் துடைத்துக்கொண்டார்.

இன்னாசி ஒன்றும் கேட்காதவர்போலப் பெஞ்சைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்த பெஞ்சு.

ஒரு பலகை

இந்தச் செய்தி எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. நம்பியின் வேலையாகத்தான் இருக்கும். ஐந்தாறு நாளில், பின்தெருவில் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண், மசக்கையில் துவண்டுபோய், மாமியாரோடு வந்தாள். பிறகு புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்கிற ஒரு தபால்காரர். எந்தச் சாப்பாட்டின் வாடையும் அவருக்கும் ஆகாது. இரண்டு பேரும் முதல் நாள் வாசலில் தயங்கி நின்றார்கள். இரண்டு பேரிடமும் இன்னாசி அதே கேள்வியைத்தான் கேட்டார். சூடா இருந்தா நாறுதா, ஆறினாலும் நாறுதா?

அந்த மாதக் கடைசியில் மீன் படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பலகை தொங்கியது. எழுத்து நம்பியுடையது. "ஆறின சாப்பாடு கிடைக்கும். மதியம் 3 முதல் 5 வரை."

போகிற வருகிறவர்கள் நின்று வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். சூடான சாப்பாடு என்று எழுதித்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சுடலைமுத்து வந்து வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லை. வழக்கம்போல நேராகப் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சோப்பு இருக்கு அக்கா," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் மறுபடி வேனில் ஏறினேன், மடியில் ஆறின தயிர்சாத டப்பாவோடு. வாசனை திரும்பியிருக்கவில்லை. ஆனால் எனக்கு அதற்காகக் காத்திருந்து வீட்டுக்குள் கிடக்கிற எண்ணம் போய்விட்டது.

ஐப்பசி மழை

மழை தொடங்கி உப்பளத்து வேலை நின்றுபோன ஒரு நாள், நானும் நம்பியும் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மசக்கைப் பெண்ணும் தபால்காரரும் அன்று வரவில்லை. நான்கரை மணிக்கு வானம் இருட்டி, தெருவே தெரியாதபடி பெய்ய ஆரம்பித்தது. கால் மணி நேரத்தில் முழங்கால் தண்ணீர். எங்களால் வெளியே இறங்க முடியவில்லை.

அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் இன்னாசி எப்போதும் எங்களுக்குச் சொல்லிவிடுவார். நாங்களும் எழுந்துவிடுவோம். அன்று ஐந்தரை ஆகியும் அவர் சொல்லவில்லை. மசாலா தடவிய மீன் துண்டுகள் தட்டில் இருந்தன. துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவர்கள் நான்கைந்து பேர் நனைந்துகொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"அடுப்பப் பத்த வையுங்க அண்ணாச்சி," என்றேன்.

"இருக்கட்டும். மழ விடட்டும்."

"அவங்க பசியோட வந்திருக்காங்க. நான் மூக்கப் பொத்திக்கிடுதேன். பத்த வையுங்க."

அவர் நம்பியைப் பார்த்தார். நம்பி தலையாட்டினார். எங்கள் நாற்காலிகளை வாசல் ஓரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டோம். நான் முந்தானையை நான்காக மடித்து மூக்கில் வைத்துக்கொண்டேன். நம்பியும் தன் மேல்துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். என் காரணம் வேறு, அவர் காரணம் வேறு. பெஞ்சில் இருந்தவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

எண்ணெய் காய்ந்தது. முதல் துண்டு விழுந்த சத்தம் மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

முந்தானையைத் தாண்டி ஏதோ வந்தது. டயருக்காக வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வந்தது டயர் இல்லை. எனக்கு முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. முந்தானையைக் கொஞ்சம் விலக்கினேன். மிளகாய், மஞ்சள். அதற்கு அடியில் கடல்போல, ஈரமாக, கனமாக ஒன்று. சின்ன வயதில் ரயிலில் யாரோ பொட்டலத்தைப் பிரித்தபோது நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிய அதே வாடை. இத்தனை வருடமாக எதிர்ச்சாரிக்கு மாறி நடந்த அதே வாடை. மீன் மீனாகவே மணத்தது.

கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிய ஆரம்பித்தது. மீன் வாடைக்காக அழுத முதல் ஸ்ரீவைகுண்டத்துக்காரி நானாகத்தான் இருப்பேன்.

இன்னாசி பார்த்துவிட்டார். எனக்குப் புரட்டிக்கொண்டு வருகிறது என்று நினைத்து, ஒரு மூடியை எடுத்துச் சட்டியை மூடி, அடுப்பை அணைக்கக் குனிந்தார்.

"அணைக்காதீங்க அண்ணாச்சி," என்றேன். "மூடியத் திறங்க. இன்னொரு துண்டு போடுங்க."

அவர் குனிந்தவாக்கில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

நம்பி துண்டுக்குள்ளிருந்து கேட்டார். "என்ன? நாறறதா?"

"இல்லை. மணக்கறது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், மூக்கிலிருந்து துண்டை மெதுவாக எடுத்து மடியில் வைத்தார். இன்னாசி மூடியைத் திறந்தார். அறுபத்திரண்டு வயதில் முதல் முறையாக நம்பி ஒரு மீன் சட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

"பரவாயில்லை," என்றார்.